பூமாரி மூடச் சொன்ன குழாய்

தாராவியில் நாங்கள் முன்பு இருந்த கட்டடத்தில், ஏழாவது மாடியில் மொத்தம் பதினான்கு வீடுகள். பதினான்கு வீட்டுச் சாவியும் பூமாரியிடம்தான் இருக்கும். யாரும் கூட்டம் போட்டு அப்படித் தீர்மானிக்கவில்லை. பூமாரி எப்போதும் வீட்டில் இருப்பாள், கதவு எப்போதும் திறந்திருக்கும், அவ்வளவுதான் காரணம். வேலைக்குப் போகிறவர்கள் போகிற போக்கில் சாவியை அவள் கையில் திணித்துவிட்டு லிஃப்டுக்கு ஓடுவார்கள். அவள் அதை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பாள். எந்தச் சாவியிலும் பேர் எழுதிய சீட்டு கிடையாது, கலர் நூல் கிடையாது.

நான் ஒருமுறை கேட்டேன். “எது யார் வீட்டுதுன்னு எப்படிட்டி கண்டுபிடிக்கே?”

“பாத்தாத் தெரியாதா யக்கா? இந்தா, தேஞ்சு பளபளன்னு இருக்குல்லா, இது பரீஹா வீட்டுது. நாளைக்குப் பத்து மட்டம் பூட்டித் தொறப்பா. இது கருத்துப் போய்க் கெடக்கு, துபாய்க்காரங்க வீடு. வருசத்துக்கு ஒரு மட்டம். பல்லு ஒடஞ்சது நம்பிராஜன் அண்ணாச்சி வீடு. அவுக வீட்டம்மா பூட்டோடயே சண்ட போடும்.”

இதற்கு மேல் பூமாரிக்குப் பெரிய சரித்திரம் ஒன்றும் இல்லை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இருபது வயதில் கல்யாணமாகி பம்பாய் வந்தாள். புருஷன் கணேசபாண்டியன் சயானில் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறார். பகல் முழுக்க “மேலயா, கீழயா” என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் அதையும் கேட்கமாட்டார். ஒரே மகள் ஷாலினி, இருபத்து மூன்று வயது.

பூமாரிக்கு வாழ்க்கையில் இரண்டே கொள்கை. எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டு வீணாகக் கூடாது. இரண்டாவது கொள்கைக்குக் காரணம் உண்டு. கட்டடம் வருவதற்கு முன்னால் சந்துக்குள் இருபது வீட்டுக்கு ஒரே குழாய். விடிகாலை ஐந்து மணிக்குக் குடம் வைத்து நின்று நின்று, இப்போதும் எங்கேயாவது சொட்டுச் சத்தம் கேட்டால் தூக்கத்திலேயே எழுந்து நடந்துவிடுவாள். பூமாரியை மட்டும் சொல்வானேன், நாங்கள் எல்லோருமே அப்படித்தான்.

முதல் கொள்கைக்கு எதிரி அவள் பெற்ற மகளே. அம்மா சொல்லி ஷாலினி ஒரு வேலை செய்ததாக நான் பார்த்ததில்லை. குடித்த டம்ளர் ஜன்னலில் நிற்கும். கழற்றிய சுடிதார் கழற்றிய இடத்திலேயே பாம்புச் சட்டை மாதிரி கிடக்கும். “ஏட்டி, அந்தத் துணிய மடி” என்று பூமாரி கத்துவது ஏழாவது மாடிக்குக் காக்காய்ச் சத்தம் மாதிரி பழகிவிட்டது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஷாலினியும்தான்.

அப்படிப்பட்டவளுக்கு வேலை கிடைத்தது. என்ன வேலை என்று ஊரிலிருந்து போன் செய்கிறவர்களுக்குப் பூமாரி இப்படித்தான் சொல்லுவாள்: “ஒரு ரூமுக்குள்ள பூட்டிக்கிடுவா. வெளிய வரவைக்க ஆளுங்க துட்டு குடுப்பாங்க. நானுந்தான் டெய்லி பாத்ரூம் கதவத் தட்டித் தட்டி அவள வெளிய வரவைக்கேன், எனக்கு எவன் குடுத்தான்?”

விஷயம் இதுதான். குர்லா பக்கம் ஒரு கோடவுன். உள்ளே சினிமா செட் மாதிரி ஒரு பழைய பங்களா அறை. ஷாலினி தலையில் கேமராவை மாட்டிக்கொண்டு அந்த அறைக்குள் நிற்பாள். விளையாடுகிறவர்கள் அவரவர் வீட்டிலிருந்து வீடியோ காலில் அதைப் பார்த்து, அந்த டிராயரைத் திற, இந்தப் படத்தைத் திருப்பு என்று சொல்வார்கள். அங்கங்கே ஒளித்து வைத்திருக்கும் துப்புகளைக் கண்டுபிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் அவளைக் கதவு திறந்து வெளியே கொண்டுவர வேண்டும். எஸ்கேப் ரூம் என்று பேர். ஷாலினிக்கு ஹோஸ்ட் என்று பேர். நமக்கெல்லாம் வீட்டை விட்டு வெளியே வரவே வழியைக் காணோம், இதில் வாடகை அறை வேறு.

மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை உறுதி செய்வார்கள். அதற்கு மூன்று பரீட்சை ஆட்டம். முதல் ஆட்டத்தில் விளையாட வந்தவர்கள் அலுத்துப்போய்ப் பாதியில் வீடியோ காலைக் கட் செய்துவிட்டார்கள். இரண்டாவதில் ஒரு ஆள் ஒரே டிராயரை ஆறு தடவை திறக்கச் சொன்னான் என்று ஷாலினி வாயை விட்டுவிட்டாள். “உங்களுக்குக் கண்ணு தெரியாதா சார்?” என்றாளாம். முதலாளி நகுல், மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பையன், முப்பது வயசு இருக்கும். கடைசியாக ஒரு வாய்ப்பு என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி ஆட்டம். விளையாடுகிறவர்கள் கடைசி வரை இருக்க வேண்டும், கதவு திறந்து வெளியே வர வேண்டும், ஷாலினி பொறுமையாக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் சனிக்கிழமையிலிருந்து வரவேண்டாம்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு எனக்கு போன் வந்தது. அப்போது நான் செம்பூருக்குக் குடிமாறி நாலு வருஷமாகியிருந்தது.

“சுப்பு பெரிம்மா, புக் பண்ண டீம் கேன்சல் பண்ணிட்டாங்க. நாலு மணிக்கு எனக்கு மூணு பேர் வேணும். ப்ளீஸ்.”

“நான் மாவாட்டணும்டி.”

“பெரிம்மா, வேல போயிரும்.”

“உங்கம்மா சும்மாதான இருக்கா, அவளக் கூப்பிடு.”

“வீட்டு ஆளுங்க கூடாதுன்னு சார் சொல்லிட்டாரு. எனக்கு சைடு எடுப்பாங்களாம். ஃபிரண்ட்ஸ்னா ஓகே.”

பூமாரி உனக்கு சைடு எடுப்பாளா, அந்த ஆளுக்கு உங்கம்மாவைத் தெரியாது என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு, எங்கள் வாட்ஸப் குரூப்பில் போட்டேன். குரூப்புக்குப் பேர் ‘கேட்’. பிள்ளைகளை விட்டுக் கூப்பிட பத்து வருஷம் ஸ்கூல் கேட்டில் ஒன்றாக நின்ற சிநேகம். நான், பூமாரி, அவள் எதிர்வீட்டு பரீஹா, இப்போது டோம்பிவிலிக்குப் போய்விட்ட பிரேமலதா. நான், பரீஹா, பிரேமலதா மூவரும் ஆடுவது என்று முடிவானது. மூன்று பேரையும் ஷாலினி முதலாளியிடம் பேர் சொல்லிப் பதிந்துவிட்டாள். பூமாரிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். “ஆமா, என் மவ வேலைக்கு நாந்தான் வேண்டாதவ” என்று ஒரு குரல்பதிவு போட்டாள்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பிரேமலதாவைக் காணோம். தாதருக்குப் போய்ச் சேலைக்கு ஏதோ ஃபால்ஸ் துணி வாங்கிக்கொண்டு ரயிலேறியிருக்கிறாள். லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் பையில் இருக்கும் போனை எடுக்கக் கைக்கு வழியில்லாத கூட்டம். இது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம், மூன்று பேர் இல்லாவிட்டால் ஆட்டம் இல்லை, ஆட்டம் இல்லாவிட்டால் வேலை இல்லை.

பரீஹா ஒரு காரியம் செய்தாள். எதிர்வீட்டுக்குப் போய், ஷாலினியின் பழைய லேப்டாப்பைத் திறந்து, பேர் போடுகிற இடத்தில் பிரேமலதா என்று அடித்து, பூமாரியை அதன் முன்னால் உட்கார வைத்துவிட்டு, தன் வீட்டுக்கு ஓடி வந்து தன் போனில் உட்கார்ந்துகொண்டாள்.

நாலு மணி. திரையில் பங்களா அறை தெரிந்தது. பெரிய நிலைக்கண்ணாடி ஒன்று இருந்ததால் அதில் ஷாலினியின் முகமும் தெரிந்தது. மூலையில் நகுல் என்று பேர் போட்ட கறுப்புக் கட்டம். அவர் கேமராவை அணைத்துவிட்டுக் கவனிப்பார்.

“வெல்கம் மேடம்ஸ். இது சேட்ஜி பங்களா. சேட்ஜி காணாமப் போயிட்டாரு...” என்று ஆரம்பித்த ஷாலினி, எதிர்ச் சுவரில் இருந்த திரையைப் பார்த்து அப்படியே நின்றாள். பிரேமலதா என்று எழுதிய கட்டத்துக்குள் அவள் அம்மா, பொட்டைச் சரிசெய்துகொண்டு, கேமராவுக்கு மிக அருகில், மூக்கு மட்டும் பெரிதாக.

“வணக்கம். நான் பிரேமலதா. டோம்பிவிலி. ரேஷன் கார்டும் டோம்பிவிலிதான்” என்றாள் பூமாரி, போலீஸ் ஸ்டேஷனில் சொல்வதுபோல.

ஷாலினி கேமராப் பட்டையை இறுக்கிக்கொண்டாள். என்ன செய்ய முடியும்? தொடர்ந்தாள். “ரூல்ஸ் சொல்றேன் மேடம். என்னை ஹோஸ்ட்னு கூப்பிடணும். ஆபத்தில்லாத எது சொன்னாலும் நான் செய்வேன். மாட்டேன்னு சொல்ல எனக்கு பர்மிஷன் இல்ல. மூணு ஹின்ட் வரைக்கும் கேக்கலாம்.”

பூமாரி மூக்கைப் பின்னுக்கு இழுத்தாள். “என்ன சொன்னாலும் செய்வியா?”

“யெஸ் மேடம்.”

“மாட்டேன்னு சொல்லமாட்டியா?”

“சொல்ல முடியாது மேடம்.”

பூமாரி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் கல்யாண ஆல்பத்தில்கூட நான் பார்த்ததில்லை.

கட்டில்மேல் சேட்ஜியின் குர்த்தாக்கள் தாறுமாறாகக் கிடந்தன. “ஹோஸ்ட், அந்தத் துணியெல்லாம் மடி” என்றாள்.

“மேடம், ஒருவேள அது அப்படியே இருக்கறதுல ஏதாவது...”

“மடி.”

ஷாலினி மடித்தாள். நான் என் கண்ணால் பார்த்தேன். ஒரு குர்த்தா, இரண்டு குர்த்தா, ஆறு குர்த்தா.

“அப்படி இல்ல, கையிரண்டையும் உள்ள மடக்கு. காலரு மேல வரணும். நீவி விடு. நல்லா நீவு. ஆங். இப்ப பீரோக்குள்ள அடுக்கு.”

“மாஷா அல்லா, என்ன அழகா மடிக்கிறா. எம்பிள்ள ஒண்ணும் செய்யமாட்டா” என்றாள் பரீஹா. அவள் பெருமையாகத்தான் சொன்னாள். மகளைப் பெற்ற யாருக்கும் அது ஒரு காட்சிதான்.

“அந்தச் செருப்ப ஜோடியா வை. அந்த டம்ளர் ஏன் ஜன்னல்ல நிக்கி? எடு. கழுவுத எடத்துல போடு. கீழ என்னது காகிதம்? குப்பைக் கூடைல போடு.”

“மேடம், குப்பைலயா? கன்ஃபர்மா?” என்று ஷாலினி கெஞ்சும் கண்ணோடு கண்ணாடியைப் பார்த்தாள்.

“பின்ன ஃபிரேம் போட்டு மாட்டவா?”

கடிகாரத்தைப் பார்த்தேன். பதினெட்டு நிமிஷம் போயிருந்தது. ஒரு துப்பும் கிடைக்கவில்லை, ஆனால் அறை பளிச்சென்று இருந்தது. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“பூ... பிரேமலதா! நாம தீபாவளிக்கு வீடு ஒதுங்க வைக்க வரல. அந்தப் பிள்ளைய வெளிய கொண்டுவர வந்திருக்கோம்.”

“ரெண்டும் செய்வோம் யக்கா. போட்டது போட்டபடி விட்டுட்டு எப்படி வெளிய போக?”

முதல் ஹின்ட் கேட்டோம். ஷாலினி மெதுவாகச் சொன்னாள். அந்தக் குர்த்தாக்களின் கைகள் எல்லாம் சுவரில் இருந்த ஒரே படத்தைக் காட்டிக்கொண்டு இருந்தனவாம். நாங்கள்தான் கையை உள்ளே மடக்கிவிட்டோமே. இரண்டாவது ஹின்ட்டில், குப்பைக் கூடையில் போட்ட காகிதம்தான் அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கும் பெட்டியைத் திறக்கும் வழி என்றாள். கூடையைக் கிளறி எடுத்து, பெட்டியைத் திறந்தோம். உள்ளே ஒரு சீட்டு: ‘சத்தம் எங்கே இருக்கிறதோ அங்கே எண் இருக்கிறது.’ அதே நேரத்தில் அறையில் விளக்கு மங்கியது.

டக். டக்.

தண்ணீர் சொட்டுகிற சத்தம்.

நான் எழுந்து சமையலறைக்கு ஓடினேன். குழாய் இறுக்கமாகத்தான் இருந்தது. பாத்ரூம் பார்த்தேன், வாஷிங் மெஷின் பக்கம் பார்த்தேன், பால்கனிக் குழாயைத் திருகிப் பார்த்தேன். மாடி வீட்டுக்காரர்களாக இருக்கும் என்று அவர்களுக்கு போனும் போட்டேன். திரும்பி வந்து திரையைப் பார்த்தால், பரீஹா கட்டத்தில் வெறும் மேசையும் சுவரும். பூமாரி கட்டத்தில் வெறும் நாற்காலி. ஏழாவது மாடியில் இரண்டு பேரும் எதிரெதிர் வீட்டிலிருந்து கத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

“பரீஹா, ஒம் பைப்பாட்டி?”

“எம் பைப்பு இல்லக்கா, தண்ணி வர இன்னும் நேரமிருக்கு! நம்பிராஜன் அண்ணாச்சி வீடு பூட்டிக் கெடக்கா பாருங்க, அங்கன தெறந்து விட்டுட்டுப் போய்ட்டாங்களோ?”

டப்பா திறக்கிற சத்தம். சாவிகள் குலுங்குகிற சத்தம். பூமாரி நம்பிராஜன் அண்ணாச்சி வீட்டைத் திறந்து பார்த்துப் பூட்டிவிட்டே வந்தாள். பங்களா அறையில் ஷாலினி தலையில் கேமராவோடு, கையைக் கட்டிக்கொண்டு, ஆளில்லாத திரைக்கு முன்னால் தனியாக நின்றுகொண்டிருந்தாள். ஒன்பது நிமிஷம்.

முதலில் கண்டுபிடித்தவள் பரீஹா. “யக்கா, சத்தம் நம்ம வீட்டுல இல்ல. ஷாலினி ரூம்ல! அந்தா மூலைல வாஷ்பேசின்!”

“அட மூதேவி” என்றாள் பூமாரி மூச்சிரைக்க. “ஏட்டி... ஏ ஹோஸ்ட்! பைப்ப மூடு!”

ஷாலினி அசையவில்லை. “மேடம், ஒருதடவ யோசிச்சுக்கோங்க. பெட்டில இருந்த சீட்ட இன்னொருதடவ படிக்கலாமா?”

“படிக்கதுக்கு என்ன இருக்கு? தண்ணி போவுது!”

“எங்களுக்கு அரமணிக்கூறுதான் தண்ணி வருது, இங்க ஒழுக விட்டுட்டு யோசிக்கச் சொல்லுதா பாருங்க” என்றாள் பரீஹா.

பொய் சொல்வானேன், நானும் “மூடித் தொலைடி” என்றுதான் சொன்னேன். மூன்று பேர் ஒரே குரலாகச் சொல்லிவிட்டோம். ஷாலினி கண்ணை மூடிக்கொண்டு குழாயை மூடினாள். எங்கள் மூன்று பேருக்கும் பெரிய நிம்மதி. பூமாரி நாற்காலியில் சாய்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்து, வெளியே போகிற கதவுக்கு வந்தபோதுதான் நிம்மதி போனது. கதவில் ஒரு கனமான பூட்டு. பக்கத்துச் சுவரில் நாற்பது ஆணி, ஒன்று முதல் நாற்பது வரை எண், ஒவ்வொன்றிலும் ஒரு சாவி. ஒரே ஒரு சாவியைத்தான் போட்டுப் பார்க்கலாம். தப்பான சாவி என்றால் மணி அடிக்கும், ஆட்டம் முடிந்தது.

“எந்த நம்பர்?” என்று கேட்டேன். மூன்றாவது ஹின்ட்டையும் கேட்டோம்.

ஷாலினியின் குரல் வறண்டு போயிருந்தது. “அந்தக் குழாய் சொட்டுன கணக்குலதான் நம்பர் இருந்துச்சு மேடம். கொஞ்சம் சொட்டும், நிக்கும், திரும்பச் சொட்டும். எண்ணிருக்கணும்.”

“தொறந்து விடு, இப்ப எண்ணுதோம்” என்றாள் பரீஹா.

“உள்ள ஒரு மெஷின் இருக்கு மேடம். ஒருதடவ மூடினா திரும்ப ஸ்டார்ட் ஆக இருபது நிமிஷம் ஆவும்.”

கடிகாரத்தில் ஆறு நிமிஷம்தான் இருந்தது.

 கறுப்புக் கட்டம் கறுப்பாகவே இருந்தது. கண்ணாடியில் ஷாலினியின் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை, கோபமும் படவில்லை. உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு நின்றாள். இதே பெண் போன வாரம் “உங்களுக்குக் கண்ணு தெரியாதா சார்” என்று கேட்டவள். இன்றைக்குப் பெற்ற அம்மாவே இருக்கிற துப்பையெல்லாம் மடித்து, எறிந்து, மூடியும்விட்டாள். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பூமாரிக்கும் அந்த முகம் தெரிந்திருக்க வேண்டும். வெளிச்சமெல்லாம் வடிந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

“யக்கா, நான் கெடுத்துட்டேனா?”

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. “ஆமா” என்றேன். “நானும் கூட நின்னுதான் கெடுத்தேன்.”

 பரீஹா வீட்டில் குக்கர் ஒரு விசில் அடித்து அடங்கியது. பூமாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டாள். இப்போது குரல் வேறாக இருந்தது.

“ஹோஸ்ட், அந்தச் சாவிங்க பக்கத்துல போறியாம்மா? கிட்டத்துல. மெதுவாக் காட்டு, ஒவ்வொண்ணா.”

ஷாலினி காட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது. பழைய பித்தளைச் சாவிகள், ஒரே அச்சு. பூமாரி திரையில் நெற்றி முட்டப் பார்த்துக்கொண்டே “ம், ம்” என்றாள். டப்பாவுக்குள் சாவி தேடும்போது போடுகிற அதே “ம்”.

“நில்லு. பின்னால வா. அந்த இருவத்தேழு. திருப்பு. கை பிடிக்குத காத வெளிச்சத்துல காட்டு... இதான்.”

“கன்ஃபர்மா மேடம்?”

“ஒரு மட்டம் போட்டுத்தான் பாக்கணும்லா? போடு. இருவத்தேழு.”

“எப்படிக்கா சொல்லுதீங்க?” என்று பரீஹா அலறினாள். “ஒரே ஒரு சான்ஸ்!”

“ஏட்டி, மத்த முப்பத்தொம்பதும் துபாய்க்காரங்க வீடு. தூசியும் கறுப்புமாத் தொங்குது. இது ஒண்ணுதான் ஒஞ் சாவி மாதிரி பளபளன்னு தேஞ்சு கெடக்கு. தெனம் கை பட்ட சாவி இதான்.”

ஷாலினி சாவியைப் போட்டாள். மணி அடிக்கவில்லை. பூட்டு தொப்பென்று விழுந்தது, கதவு திறந்தது, மறுபுறம் ஒரு டீ கிளாஸும் ஸ்டூலும் கிடக்கிற கோடவுன் வராந்தா. இன்னும் மூன்று நிமிஷம் மிச்சம். பரீஹா போட்ட கூச்சலில் அவள் போனே கீழே விழுந்து, கொஞ்ச நேரம் நாங்கள் அவள் வீட்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கறுப்புக் கட்டத்தில் முகம் வந்தது. நெற்றியில் சின்னதாகச் சந்தனம், காதில் பெரிய ஹெட்ஃபோன்.

“மாமி, நமஸ்காரம். நான் நகுல். நானூறு டீம் ஆடியிருக்கா. ஒருத்தர்கூட சாவி தேஞ்சிருக்கறதைப் பாக்கலை. நானே பாக்கலை.”

“எல்லாத்தையும் கொண்டு போய் சிமெண்டுத் தரைல தேய்ங்க தம்பி. ஒரே மாதிரி ஆயிரும்” என்றாள் பூமாரி.

“தேய்க்கறேன். இன்னொண்ணு மாமி, அந்தக் குழாயை மூடச் சொன்ன முதல் டீம் நீங்கதான்.”

பூமாரி நிமிர்ந்தாள். “அப்ப மத்த நானூறு பேரும்?”

“கேட்டுண்டே இருப்பா. எண்ணுவா.”

“தண்ணி ஒழுக ஒழுக ஒக்காந்து எண்ணுனாங்களா! எந்த ஊருலதான் இருக்காங்க அவங்கல்லாம்?”

நகுல் பதில் சொல்வதற்குள் திரையில் நாலாவதாக ஒரு கட்டம் திறந்தது. கம்பியைப் பிடித்த கைகள், யாரோ ஒருவருடைய தோள்பை, நடுவில் வேர்த்து விறுவிறுத்த ஒரு முகம். கீழே பேர்: பிரேமலதா.

“ஹலோ, ஹலோ, தானே ஸ்டேஷன்ல இப்பத்தான் ஸீட்டு கெடச்சுது. ஆரம்பிச்சாச்சா? ஏ சுப்பு, என்னடி இது, எம் பேருல பூமாரி ஒக்காந்திருக்கா?”

அந்த நேரத்தில் அந்த ரயில் ஒரு குகைக்குள் நுழைந்திருந்தால் நான் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்திருப்பேன். நுழையவில்லை. சிக்னல் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது.

நகுல் இரண்டு பிரேமலதாவையும் மாறி மாறிப் பார்த்தார். ஷாலினி கேமராவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வராந்தா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

பூமாரி எழுந்து நின்றாள். அதனால் எங்களுக்குத் தலை தெரியவில்லை, புடவையும் வயிறும்தான் தெரிந்தது. வயிறு பேசியது.

“தம்பி, நான் பிரேமலதா இல்ல. நான் ஷாலினியோட அம்மா. பிரேமலதா ரயில்ல மாட்டிக்கிட்டா, ஆள் கொறஞ்சா வேல போயிரும்னு நான் ஒக்காந்தேன். எம்மவளுக்கு முன்னாலயே தெரியாது, ரூமுக்குள்ள வந்துதான் பாத்தா. ஏசணும்னா என்னைய ஏசுங்க. வீட்டு ஆளு சைடு எடுப்பாங்கன்னு சொன்னீங்களாம்...”

“எடுத்தேளா மாமி?” என்றார் நகுல்.

பூமாரி நின்ற இடத்திலேயே யோசித்தாள். “இல்ல.”

“எனக்குப் பத்தாவது நிமிஷமே தெரியும். குர்த்தாவுக்குக் காலர் மேல வரணும்னு எந்தக் கஸ்டமரும் சொல்லமாட்டா. எங்காத்துலயும் ஒரு அம்மா இருக்கா. சரி, கட் பண்ணிடலாம்னுதான் நெனச்சேன். அப்பறம் பாத்தா, ஆறு குர்த்தா மடிக்க வெச்சேள். டம்ளர் எடுக்க வெச்சேள். ஒம்பது நிமிஷம் மூணு பேரும் எழுந்து போயிட்டேள். இவ ஒரு வார்த்தை பேசலை, முகம் சுளிக்கலை. போன தடவை டிராயர் திறக்கச் சொன்னதுக்கே சண்டை போட்டா.” அவர் ஹெட்ஃபோனைக் கழற்றினார். “இதைவிட மோசமான கஸ்டமர் எனக்கு எங்கேயும் கெடைக்கமாட்டா மாமி. திங்கட்கிழமை லெட்டர் வாங்கிக்கட்டும்.”

பூமாரி உட்கார்ந்தாள். தலை மறுபடி தெரிந்தது. “மோசமான கஸ்டமர்னு என்னையா சொல்லுதாரு?” என்று என்னிடம் கேட்டாள்.

“ஒன்னையத்தான்” என்றேன்.

“சரி, சொல்லட்டும். ஏட்டி ஷாலினி, காலைல எடுத்துட்டுப் போன டப்பால சாப்பிட்டியா இல்லியா?”

பிரேமலதாவுக்கு நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் டோம்பிவிலி வந்துவிட்டது. ஃபால்ஸ் துணியை ரயிலிலேயே விட்டுவிட்டு இறங்கினாள். அதற்கும் பூமாரிதான் காரணம் என்று இன்றுவரை சொல்கிறாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பூமாரி வீட்டுக்குப் போயிருந்தேன். ஷாலினி சோபாவில் காலை நீட்டிக்கொண்டு போனை நோண்டிக்கொண்டிருந்தாள். டம்ளர் ஜன்னலில் நின்றது. சுடிதார் பாம்புச் சட்டையாகக் கிடந்தது. கணேசபாண்டியன் மேலேயும் பார்க்காமல் கீழேயும் பார்க்காமல் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏட்டி, அந்தத் துணிய மடி” என்றாள் பூமாரி.

ஒரு அசைவும் இல்லை.

“வேல உறுதியாகி என்ன புண்ணியம்?” என்றேன் நான்.

பூமாரி எனக்குக் கண்ணைக் காட்டினாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, டோம்பிவிலிக் குரலில், சத்தமாக, “ஹோஸ்ட்!” என்றாள்.

“யெஸ் மேடம்” என்று ஷாலினி துள்ளி எழுந்து, சுடிதாரை எடுத்து, கையிரண்டையும் உள்ளே மடக்கி, காலரை மேலே வைத்து, நீவியும் விட்டாள். அதற்குப் பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

“மா!” என்று அவள் போட்ட கத்தலில் பரீஹா எதிர்வீட்டிலிருந்து ஓடி வந்தாள், குழாய் கிழாய் ஒழுகுகிறதோ என்று.